உடையவன் பார்த்த பயிர்

மச்சான்,

இன்று காலை ஓடைப் பக்கமிருந்து எண்ணெய் வாடை வந்தது. மண்ணெண்ணெயும் ஏதோ கரிய எண்ணெயும் கலந்து மூக்கைக் கடிக்கிற வாடை. முதுகில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் கரையோரமாக நடந்து, தண்ணீர் மேல் அதைப் பீச்சிக்கொண்டே போனான். கொசுக் குஞ்சுகள் மூச்சு முட்டிச் சாகுமாம். இனிமேல் வாரம் தவறாமல் இது நடக்கும் என்று துரை சொல்லிவிட்டுப் போனார். லயத்து வீடுகளில் இருக்கிற கூலிச் சனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று நெஞ்சு நிறைய அந்த வாடையை இழுத்தேன். இழுத்துவிட்டு உன்னைத் திட்டினேன்.

நீ பங்கு வாங்கிய கம்பெனியின் தோட்டம்தான் இது. ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருக்கிற நீளக் கொட்டகையில் நான் டிரஸ்ஸர். தங்கச்சியை உனக்குக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து, நாலு பேர் காதில் விழுகிற இடத்தில் உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டேன். மாப்பிள்ளை மரியாதை. ஈப்போவில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தன் சிலேட்டை ஒருத்தன் எச்சில் தொட்டு அழித்த நமக்குள் அது எப்போதும் கூச்சமாகவே இருந்தது. இங்கே அந்த மரியாதை கிடையாது. வாங்க போங்க என்று பேசினால் எனக்குக் கோபம் சரியாக வராது.

பாகான் டத்தோ பக்கம், கடலோரச் சமநிலத்தில், நம் இரண்டு பேருக்கும் ஒரே தோட்டத்தில் வேலை. நீ கிராணி, ஆபீஸ் கணக்கு உன் கையில். நான் மருந்து கொடுக்கிறவன். உப்புக் காற்று, தென்னை, கொஞ்சம் கித்தா என்கிற ரப்பர் மரம். வெள்ளைக்காரர் நாட்டுப் பெரிய சண்டை ஓய்ந்து, ரப்பர் விலை மண்ணோடு மண்ணாய்ப் போயிருந்த காலம் அது. வேலை இல்லை என்று ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குறைந்த சம்பளத்தில் ஆபீஸில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நீ, அந்த நேரம் பார்த்து ரப்பர்க் கம்பெனிப் பங்கு வாங்கப் போகிறேன் என்றாய். பித்தம் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். உன் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் காலமெல்லாம் அடுத்தவன் வயலை உழுது, ஒரு குழி நிலம்கூடத் தன் பேரில் இல்லாமல் கப்பல் ஏறியவர். நீ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததும் ஊரில் நிலம் வாங்கத்தான்.

"இதுவும் நெலந்தான் மச்சான். அங்க நெல்லு, இங்க கித்தா. வேற என்ன வித்தியாசம்?" என்றாய்.

தைப்பூசத்துக்கு ஈப்போ போகிறோம் என்று துரையிடம் லீவு கேட்டோம். முருகனைக் கும்பிட்ட கையோடு நீ என்னை இழுத்துக்கொண்டு போனது பங்கு புரோக்கர் கடைக்கு. அந்தச் சீனர் கரும்பலகையில் சாக்குக்கட்டியால் விலைகளை எழுதிப் போட்டிருந்தார். நீ கேட்ட கம்பெனி எல்லாவற்றுக்கும் அடியில், வெற்றிலை பாக்கு விலையில் கிடந்தது. அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்து, "இனி தா லாக்கு லா," என்று மலாயில் சொன்னார். விலை போகாத சரக்கு, வேறு ஏதாவது பார் என்று அர்த்தம். விற்கிறவன்தான் வருகிறான், வாங்குகிறவன் வருவதில்லை என்றும் சொன்னார். நல்ல மனுஷன். நீ அவரைப் பார்த்துச் சிரித்தாய். வெளியே வந்ததும், "இன்னிக்கு விலைய எழுதி வச்சிருக்கான். மரம் நாளைக்குத்தானே பால் குடுக்கும்?" என்றாய்.

மறுநாள் ரயிலேறி, பிறகு மாட்டுவண்டி பிடித்து, சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் மலையடிவாரத்துக்கு வந்தோம். கங்காணிக்குச் சொந்தக்காரர்கள் என்று புளுகித் தோட்டத்துக்குள் நுழைந்தோம். நீ முதலில் தேடியது துரை பங்களாவை. பங்களாவே இல்லை. அத்தாப்பு ஓலை வேய்ந்த குடிசை வாசலில் ஒரு வெள்ளைக்காரர் பூட்ஸைக் கழற்றி அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? பங்களா பெருசானா பங்கு சிறுசாயிடும். இவன் காசு மரத்துக்குப் போகுது," என்று என் விலாவில் இடித்தாய்.

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தாய். பெண் பார்க்கப் போனவன் மாதிரி ஒவ்வொரு மரமாகச் சுற்றி இடுப்பளவு பார்த்தாய். சரிவில் படிப்படியாக வெட்டி நட்டிருந்ததைக் காட்டினாய். மழை மண்ணை அரித்துக்கொண்டு போகாதாம். பழைய காட்டு மரத்தின் அடிக்கட்டைகளை வேரோடு தோண்டி எடுத்திருந்ததைக் காட்டினாய், வேரழுகல் வராதாம். பாலுக்கு வந்திருந்தது அடிவாரத்தில் ஒரு சின்னத் துண்டுதான். மற்றதெல்லாம் இளங்கன்று.

"கம்பெனிக்குக் கடன் ஒரு காசு இல்ல. மேல பாரு, வருசா வருசம் புதுக்காடு வெட்டிக்கிட்டே போறான். இதெல்லாம் மொத்தமா பாலுக்கு வர்றப்போ இந்த விலைக்கு எவன் குடுப்பான்? மரம் இன்னும் சின்னப் புள்ளையா இருக்கு, அதான் விலை கம்மி. வேற ஒரு கொறையும் இல்ல," என்றாய். உன் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை உன் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

நீ மரத்தைத் தொட்டுப் பார்த்த நேரத்தில் நான் லயத்துக்குப் போய்ப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்தேன். செருப்புத் தைக்கிறவன் கண் காலில் இருக்கும் என்பார்கள். டிரஸ்ஸர் கை பிள்ளைகள் வயிற்றுக்குத்தான் போகும். மலைக்காய்ச்சல் குடியேறிய உடம்பில் மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கட்டியாகத் தட்டுப்படும். அன்று நான் தூக்கிய பிள்ளைகளில் கட்டி இல்லாத பிள்ளை அபூர்வம். தொட்டில் ஆடுகிற வீடு ஒன்றுகூட இல்லை. லயத்துக்குப் பின்னால், புல்லே முளைக்காத புது மண்மேடுகள் இருந்தன. காட்டு நிழலில் ஓடுகிற ஓடை கெடுதல் செய்வதில்லை. காட்டை வெட்டி அதை வெயிலுக்குக் கொண்டுவந்த பிறகு, தெளிந்த அந்தத் தண்ணீரில்தான் இந்தக் கொசு முட்டையிடுகிறது. நீ கை நீட்டி 'மேல பாரு' என்று காட்டிய புதுக்காடுதான் கீழே இத்தனை பேரைப் படுக்கவைத்திருந்தது. கம்பெனி வளர வளரக் காய்ச்சலும் வளரும்.

திரும்பும்போது வண்டியில் சண்டை போட்டோம். "விலை கம்மியா இருக்கிறதுக்குக் காரணம் மரம் இல்லடா. ஆள் நிக்க மாட்டேங்குறான். நிக்கிறவனும் படுத்துக் கெடக்குறான்," என்றேன்.

"ஆள் வரும் மச்சான். ரப்பர் விலை ஏறட்டும், கப்பல் கப்பலா வரும்," என்றாய்.

நீ கல்நெஞ்சுக்காரன் இல்லை. பாகான் டத்தோவில் எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் என்னைக் கூப்பிட ஓடி வந்தவன் நீதான். அதனால்தான் அந்தப் பேச்சு எனக்கு விளங்கவில்லை. பங்கு வாங்குகிறவன் அப்படித்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துச் சண்டையை விட்டுவிட்டேன். நீ மறுபடி ஈப்போவில் இறங்கி, இருந்ததையெல்லாம் கொடுத்து வாங்கினாய். புரோக்கர் உனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

வாங்கியதோடு நின்றிருந்தால் இந்த மடல் எழுத வேண்டியதில்லை. பங்கு வாங்குகிற சீன முதலாளிகளான தவுக்கேமாரும் வெள்ளைக்காரர்களும் தோட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடப் பார்ப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வாங்குகிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்து விற்கிறார்கள். நமக்கு அந்தப் புத்தி வராது. நமக்கு நிலம் என்றால் அதன் வரப்பில் நிற்க வேண்டும். இந்தத் தோட்டத்தில் கிராணி வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், நீ பாகான் டத்தோ வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய்.

"அங்க இருந்த கிராணி எங்க போனான்னு கேட்டியா?" என்றேன்.

"ஊருக்குப் போயிட்டானாம்."

"எந்த ஊருக்கு?"

உனக்குக் கோபம் வந்துவிட்டது. "உடையவன் பாராப் பயிர் ஒரு முழம் கட்டைன்னு உனக்குத் தெரியாதா மச்சான்? நம்ம பயிர நாம பாக்காம எவன் பாப்பான்?" என்று கத்தினாய். உன்னிடம் இருந்தது கம்பெனியில் ஒரு மூலை மண்கூட இல்லை, அதற்கு நீ உடையவனா என்று திருப்பிக் கேட்டேன். ஊதுகிற சங்கை ஊதிவைத்தேன். தங்கச்சி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "சொந்த எடத்துக்குப் போறோம்ண்ணே, சண்டை போட்டு அனுப்பாதீங்க," என்றாள். உன் மகள் வள்ளி அப்போதுதான் நடை பழகியிருந்தாள்.

நீ இங்கே இருந்த விதத்தைத் தங்கச்சி பிறகு சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறாள், சிரித்தும் இருக்கிறாள். காலைப் பிரட்டில் ஆட்களை எண்ணி அனுப்பிவிட்டு ஆபீஸில் உட்காராமல் மலையேறிவிடுவாயாம். பால் பிடிக்கிற மங்கிலிருந்து மரத்தடியில் சிந்தி உறைந்த ரப்பர்த் துணுக்குகளைப் பொறுக்கி வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வருவாயாம். ஆபீஸ் விளக்குக்குக் கம்பெனி எண்ணெய் செலவாகும் என்று வீட்டு விளக்கை எடுத்துப் போவாயாம். "நானும் இந்தக் கம்பெனியில ஒரு பங்குக்காரன்தான்," என்று நீ துரையிடம் சொல்ல, அவர் இருமல் வருகிற வரை சிரித்தாராம். அவருக்கும் அப்போது காய்ச்சல். முகம் மஞ்சளாக இருந்ததாம்.

அடுத்த வருஷத் தீபாவளிக்கு வந்தேன். நீ கறுத்து, கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக நின்றாய். சோறு போடுமுன்னே மலைச்சரிவு முழுக்க மரங்களில் பாலுக்கு முதல் வெட்டு அடுத்த மாதம் திறக்கப் போகிறது என்றாய். பங்கு விலை கொஞ்சம் தலைதூக்கியிருக்கிறது என்றாய். நான் ஓடையைக் காட்டி, துரையிடம் சொல்லி எண்ணெய் ஊற்றச் சொல், காடு வெட்டிய இடத்து ஓடைகளுக்குக் கால்வாய் வெட்டச் சொல் என்றேன். வேறு தோட்டங்களில் அப்போதே செய்துகொண்டிருந்தார்கள்.

"இந்த வருசம் வேணாம் மச்சான். வெட்டு தெறக்கிற வருசம், கம்பெனி கையில காசில்ல. இப்பச் செலவு வச்சா புதுப்பங்கு போட்டுத்தான் பணம் எடுப்பாங்க. நம்ம பங்கு கரைஞ்சு போயிடும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

வள்ளி என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். வாயெல்லாம் அதிரசம். நான் உன்னோடு பேசிக்கொண்டேதான் இருந்தேன். கை தன் பாட்டுக்கு அவள் சட்டைக்குள் போய், இடது விலாவுக்குக் கீழே நின்றுவிட்டது. கட்டி இருந்தது. விரலை நகர்த்திப் பார்த்தேன். தொப்புளை நோக்கி வளர்ந்திருந்தது. நான் பேச்சை நிறுத்தியதைக் கண்டு தங்கச்சி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். நீயும் என் கையைப் பார்த்தாய். நீயே உன் கையை அங்கே வைத்துப் பார்த்தாய். மரத்தைத் துண்டு போட்டு அளந்தவனுக்கு அதைத் தடவி அறிய ஆள் வேண்டியிருக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாய். சோறு ஆறிப்போயிற்று.

மறுநாள் காலையில் நீயே வண்டி பூட்டச் சொல்லி, தங்கச்சியையும் வள்ளியையும் என்னோடு ஏற்றிவிட்டாய். நீயும் வா என்று நானும் கெஞ்சினேன், அவளும் கெஞ்சினாள். "வெட்டு தெறந்துட்டு வாரேன். மொதப் பால் எறங்கறப்போ நான் இல்லாட்டி எப்படி?" என்றாய். வள்ளி வண்டியின் பின்பக்கமாக உன்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலமே நீ துரையிடம் போய் ஓடைக்கு எண்ணெய் கேட்டாய் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். கங்காணி சொன்னார். ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்பப் போய் நின்றாயாம். "பங்குக்காரரே, இந்த வருஷம் பணம் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்றாராம் துரை. உன் வாயில் இருந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

வெட்டு திறந்த சில வாரத்தில், நீ காய்ச்சலில் விழுந்துவிட்டாய் என்று ஆள் வந்து சொன்னான். நான் வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். நீ கிராணி வீட்டுக் கூடத்தில் கிடந்தாய். மூத்திரம் கடுங்காப்பியாகப் போயிருந்தது. கறுநீர்க் காய்ச்சல். காய்ச்சல் மருந்தான கொய்னாவை ஒழுங்காகச் சாப்பிடாமல், காய்ச்சல் ஏறும்போது மட்டும் சாப்பிட்டு மலையேறியவனுக்கு அதுதான் வரும். கொய்னா கொடுத்தால் கெடும், கொடுக்காவிட்டாலும் கெடும். நான் படித்ததெல்லாம் அவ்வளவுதான். துணியை நனைத்து நனைத்துப் போட்டேன்.

"பால் கனம் மச்சான். மங்கு நெறஞ்சு வழியுது," என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "புள்ளைக்குக் கட்டி எறங்கிடுச்சா?" என்று கேட்டாய். இறங்கிவிட்டது என்றேன். அப்போது அது இறங்கவில்லை. உனக்கு அந்தப் பொய் தேவையாக இருந்தது, சொன்னேன். பொழுது சாயுமுன் போய்விட்டாய். லயத்துக்குப் பின்னால்தான் உன்னை அடக்கம் செய்தோம். இருந்த மேடுகளோடு ஒரு மேடு.

தங்கச்சி பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, "அந்தப் பங்க வித்துடுங்கண்ணே. எவ்வளவு வந்தாலும் சரி. அது நம்ம வீட்டுல இருக்கக் கூடாது," என்றாள். நீ கொடுத்ததைவிடச் சற்றுக் கூடவே வந்தது. மறு வருஷம் ரப்பர் விலை வானத்துக்கு ஏறியது. கரும்பலகையின் அடியில் கிடந்த உன் கம்பெனி மேலே மேலே போயிற்று. புதுக்காடெல்லாம் பாலுக்கு வந்துவிட்டிருந்தது, கடன் இல்லை, ஆளும் கப்பல் கப்பலாக வந்தது. அந்தப் புரோக்கர் என்னைத் தெருவில் பார்த்து, "உன் மச்சான் கெட்டிக்காரன், எங்கே அவன்?" என்று கேட்டார். நான் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தேன்.

அதே வருஷம்தான் நான் இந்தத் தோட்டத்துக்கு வேலை கேட்டு வந்தேன். என் மனைவிக்குச் சம்மதமில்லை. வந்தவன் மாதாமாதம் துரைக்கு எண்ணெய் கேட்டு எழுதினேன். அவருக்கு இப்போது பலகை போட்ட பெரிய பங்களா. பங்குக்காரர்களுக்கு டிவிடெண்டு கொடுத்து, பங்களா கட்டி, மீதியில் இப்போதுதான் ஓடைக்கு எண்ணெய் வந்திருக்கிறது. பெண்டுபிள்ளைகளை நான் இங்கே கொண்டுவரவில்லை. ஈப்போவில் வாடகை வீட்டில் என் மனைவியோடு தங்கச்சியும் வள்ளியும் இருக்கிறார்கள். வள்ளி பள்ளிக்கூடம் போகிறாள். கட்டி கரைந்துவிட்டது. வாய் உன்னை மாதிரியே நீளம்.

போன வாரம் போயிருந்தேன். தங்கச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமல், "கோயில்ல பேசிக்கிட்டாங்கண்ணே. அந்தப் பங்கு அத்தனை மடங்கு ஏறிச்சாமே?" என்றாள்.

"ஆமா."

விற்றதை நினைத்து வருத்தப்படுவாள், ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது அது இல்லை.

"அப்ப, அவரு போட்ட கணக்கு சரிதானாண்ணே?"

குப்பைப் பங்கை வாங்கி, அதற்குக் காவலிருக்கப் போய்ச் செத்தவன் என்றுதான் சொந்தக்காரர்கள் உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் கோபத்தில் அவள் காதுபட ஏமாளி என்று சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷம் அவள் அதைத் திருப்பிப் பேசியதே இல்லை.

"சரிதான்மா. மரத்தப் பத்தி அவரு சொன்னது ஒண்ணுகூடத் தப்பாப் போகல," என்றேன்.

முறம் நின்றது. "அது போதும்ண்ணே," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள் என்று என் மனைவி சொன்னாள்.

அவளிடம் சொன்னது பாதிதான், மச்சான். நீ போன ஒரு வாரத்துக்குள் உன் நாற்காலியில் வேறொரு கிராணி வந்து உட்கார்ந்தான். பால் வெட்டு ஒரு நாளும் நிற்கவில்லை. உன்னை அடக்கம் செய்த அன்றும் காலையில் பிரட்டு நடந்தது, மத்தியானம் பால் வந்து சேர்ந்தது. நீயும் அந்த மேடுகளில் கிடந்தவர்களும் இல்லாமல் போனது கம்பெனியின் கணக்கில் ஒரு குறையாக விழவே இல்லை. அதனால்தான் உன் கணக்கு சரியாக வந்தது. இதை நான் தங்கச்சியிடம் சொல்ல மாட்டேன். வள்ளி பெரியவளாகிக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அது என்னோடேயே இருக்கட்டும்.